நோயில் கிடப்பவர் அழக் கூடாதா?



நம் தாங்கலுக்கு நோயாளிகள் வராத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காய்ச்சல், தலைவலி என்று நாமமும் தண்ணீரும் வாங்கிப் போகிறவர்களைப் பற்றி இங்கே எழுத வரவில்லை. அவர்கள் அடுத்த வாரமே நல்லபடியாக நடந்து வந்துவிடுவார்கள். புற்றுநோய், சிறுநீரகம் பழுதானது, ஒரு பக்கம் கைகால் விழுந்தது என்று மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கிடப்பவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர்களைக் கூட்டி வருகிறவர்களும், வாசலில் எதிர்ப்படுகிறவர்களும் தவறாமல் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "கவலைப்படாதீக, அய்யாவை நம்புங்க, எல்லாம் சரியாப் போயிரும்."

சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். வெறுங்கையோடு வந்து நிற்கிற மனிதன் வேறு எதைத்தான் சொல்வான்? ஆனால் அந்த வார்த்தை நோயாளியின் காதில் எப்படிப் போய் விழுகிறது என்று நாம் யோசித்ததுண்டா?

பனையேறி வாழ்ந்த ஒருவர் இப்போது வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போய் வருகிறார். உச்சிப்படிப்பு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு நாள் என்னிடம் கேட்டார். "அண்ணாச்சி, எல்லாரும் நம்பு நம்புங்கிறாக. நானும் நம்பிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா பயமா இருக்கு. அப்ப என் நம்பிக்கை பத்தலையா? அதனாலதான் எனக்குச் சரியாகலையா?"

சிறுநீரகம் கெட்டது அந்த மனிதருக்கு ஒரு பாரம். தன்னுடைய பக்தி குறைந்ததால்தான் கெட்டது சரியாகவில்லையோ என்பது இரண்டாவது பாரம். முதல் பாரம் தானாக வந்தது. இரண்டாவதை ஏற்றி வைத்தது ஆறுதல் சொல்லப் போன நாம்தான். நோயாளி தைரியமாக இருந்தே ஆக வேண்டும், சிரித்த முகமாக இருந்தே ஆக வேண்டும் என்று கேட்பது தருமமா என்பதுதான் என் மனதில் கிடக்கிற கேள்வி.

அவரிடம் நான் திருப்பிக் கேட்டேன், மரம் ஏறின காலத்தில் பயம் இருந்ததா என்று. "இல்லாமயா? பயமில்லாம ஏறுனவன் கீழதான் கிடப்பான்" என்றார். பயம் இருந்ததால் தளைநாரைச் சரி பார்த்தார், மழை பெய்து பாளை வழுக்குகிற நாளில் நிதானமாக ஏறினார். பயந்துகொண்டேதான் இருபது முப்பது வருடம் ஏறி இறங்கிப் பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பயத்தை அன்றைக்கு யாரும் பக்திக் குறைவு என்று சொல்லவில்லை. இன்றைக்குப் படுக்கையில் வருகிற பயத்தை மட்டும் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

நாம் எல்லோரும் அறிந்த வரலாற்றை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். மாசி 20 வந்தால் அவதார தினம் கொண்டாடுகிறோம். கொல்லம் ஆண்டு 1008, ஆங்கிலக் கணக்கில் 1833. அந்த மாசிக்கு முன்னால் நடந்ததை நாம் வேகமாகக் கடந்து போய்விடுகிறோம். முத்துக்குட்டி என்ற வாலிபர் எழுந்து நடமாட முடியாத நோயில் கிடந்தார். வீட்டில் வைத்துப் பார்த்தும் தீராமல், தாயார் வெயிலாள் உறவினரைக் கூட்டிக்கொண்டு, தொட்டில் கட்டிச் சுமந்து, தாமரைகுளத்துப் பக்கமிருந்து திருச்செந்தூருக்குக் கால்நடையாகக் கொண்டு போனார். அந்த நோய்க்கும் அந்தப் பயணத்திற்கும் ஏட்டில் காரணம் சொல்லியிருக்கிறது. நமக்கு அது தெரியும். ஆனால் சுமந்து போன அன்றைக்கு அந்தத் தாய்க்கு என்ன தெரியும்? பெற்ற பிள்ளை எழுந்திருக்க மாட்டாமல் கிடக்கிறான் என்பது தெரியும். அவ்வளவுதான். பிறகு அவர் கடலுக்குள் போய் மறைந்தபோது, போய்விட்டார் என்றே மற்றவர்கள் முடிவு கட்டினார்கள். தாய் கரையிலேயே அழுதுகொண்டு கிடந்தார், மூன்றாம் நாள் வரைக்கும்.

அந்த அழுகையை யாராவது நம்பிக்கைக் குறைவு என்று சொல்லுவோமா? நம்பிக்கை இல்லாதவர் வீட்டுக்குத் திரும்பியிருப்பார். அழுதது அந்தத் தாய்தான், காத்திருந்ததும் அந்தத் தாய்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். தொட்டிலில் கிடந்த நோயாளியிடம் யாரும் தைரியமாக இரு என்று கேட்டுக்கொண்டு நடக்கவில்லை. நடக்க முடியாதவரைக் கால் உள்ளவர்கள் சுமந்தார்கள். நம்பிக்கையையும் அப்படித்தான் சுமக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. படுத்திருப்பவரிடம் இல்லாத நாளில், அதைக் கூட இருப்பவர் வைத்திருந்தால் போதும்.

நம் பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடி இருக்கிறது. வந்து நிற்பவர் தன் முகத்தையே பார்க்கிறார். போன வருடம் மார்பில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு தாயார் வந்தார். முடி முழுதும் கொட்டி, புருவமும் இல்லாமல், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றார். வீட்டில் இருந்த கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்களாம், அவர் பார்த்து மனம் உடைந்துவிடக் கூடாது என்று. இங்கே வந்து கண்ணாடி முன்னால் நிற்க அவருக்குக் கால் வரவில்லை. பிறகு வந்தார். முந்தானையை எடுத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார், சத்தம் போட்டு அழுதார். பக்கத்தில் நின்ற ஒருவர், "தாயி, அய்யா முன்னால அழக் கூடாது, மனசைத் திடப்படுத்துங்க" என்றார். அப்படி ஒரு சட்டம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு எங்கே போய் அழுவார் அந்த அம்மா? வீட்டில் பிள்ளைகள் பார்க்கும், ஆஸ்பத்திரியில் வரிசை நகரும். அழுது முடித்து நாமம் இட்டுக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை என்று கூட வந்த மகள் சொன்னாள்.

நோய் வந்தவுடன் குறி கேட்கவும், தகடு எடுக்கவும், கிடா வெட்டவும் கூட்டிப் போகிறவர்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பேயையும் பலியையும் விட்டுவிடச் சொன்ன அய்யாவின் பிள்ளைகள் நாம். ஆனால் "யாரு பாவம் செஞ்சியோ" என்று நோயாளியின் காதுபடப் பேசுவதும் அதற்கு அண்ணன் தம்பிதான். மருந்துக்கு ஆகிற காசு ஒரு பக்கம் போக, இந்தப் பேச்சில் போவது அவருடைய தூக்கம்.

நம்பிக்கை என்றால் என்ன என்று யோசிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருகிறவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர், அந்தக் காலத்தில் பெண் பிள்ளை டாக்டருக்குப் படிப்பதே பெரும்பாடு. 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்து போனார். டாக்டராக இருந்தும், பக்கத்தில் இருந்தும், அந்த நாளில் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்தத் துக்கத்தை அவர் விழுங்கிவிட்டுச் சிரித்த முகத்தோடு இருக்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டே இருந்தார். 1952இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954இல் சென்னை அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தது. தங்கை இறந்து 31 வருடம் ஆகியிருந்தது. மறு வருடம் அங்கே இளம் டாக்டராக வந்து சேர்ந்தவர் சாந்தா அம்மா. 2021இல் தன் 93ஆம் வயதில் இறக்கும் வரை அந்த ஆஸ்பத்திரியே அவருக்கு வீடு. புற்று வந்தால் எப்படியும் சாவுதானே, அதற்கு எதற்கு ஓர் ஆஸ்பத்திரி என்று அதிகாரத்தில் இருந்தவர்களே அன்றைக்குக் கேட்டதாகச் சாந்தா அம்மா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் சிகிச்சையில் பிழைத்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணமும் முடித்துக்கொள்கிறார்கள்.

எப்படியும் சாவுதான் என்றவர்களுக்கும் பயம்தான் இருந்திருக்கும். முத்துலட்சுமி அம்மாவுக்கும் துயரம்தான் இருந்தது. ஒருவர் கையைக் கட்டிக்கொண்டார், ஒருவர் கட்டடம் கட்டினார்.

மதுரையில் மருத்துவம் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளை ஒருவரிடம், மனதைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டால் புற்றுநோய் குணமாகும் என்கிறார்களே, நிஜமா என்று கேட்டேன். அவர் விவரமாகச் சொன்னார். அமெரிக்காவில் டேவிட் ஸ்பீகல் என்ற டாக்டர், மார்பகப் புற்று முற்றிப் பரவிய பெண்களை வாரம் ஒரு தடவை கூட்டி உட்கார வைத்துப் பேசச் சொன்னாராம். அப்படிப் பேசினவர்கள் கூடுதல் நாள் உயிரோடு இருந்தார்கள் என்று 1989இல் எழுதினார். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு கனடா நாட்டில் 235 பெண்களை வைத்து அதே மாதிரி செய்து 2001இல் வெளியிட்டார்கள். ஆயுள் கூடவில்லை. ஆனால் மனத்துயரம் குறைந்திருந்தது, வலியும் குறைந்ததாகப் பெண்கள் சொன்னார்கள். ஸ்பீகலே திரும்பச் செய்து பார்த்தபோதும் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை என்றுதான் வந்ததாம்.

இதில் என் மனதைத் தொட்டது வேறு ஒரு விஷயம். அந்தக் கூட்டத்தில் அவர்களைச் சிரிக்கச் சொல்லவில்லை. சாவைப் பற்றிய பயம், பிள்ளைகளைப் பற்றிய கவலை, புருஷன் மேல் உள்ள கோபம், எல்லாவற்றையும் மறைக்காமல் பேசச் சொன்னார்கள். பேசினதால்தான் மனம் இறங்கியது. ஆகவே உன் மனதை நீ சரியாக வைத்திருந்தால் உனக்கு நோய் தீரும் என்று யாரிடமும் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. தீராமல் போனவர்கள் மனதைச் சரியாக வைக்காதவர்கள் என்று ஆகிவிடும். உச்சிப்படிப்புக்குத் தவறாத, ஒரு நாளும் முகம் சுளிக்காத எத்தனையோ பேரை நாமே அடக்கம் செய்திருக்கிறோம்.

இனி நம் பக்கத்து வீடுகளில் நடக்கிற ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், முதல் வேலையாக அவரிடம் மறைக்கிறோம். "அல்சருப்பா", "சின்னக் கட்டிதான், கரைஞ்சிரும்" என்று சொல்லி அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்குப் பஸ் ஏற்றுகிறோம். அங்கே புற்றுநோய்ப் பிரிவு என்று வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறது. அவருக்குப் படிக்கத் தெரியாது என்று நினைப்பு. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் முதல் நாளே கேட்டுவிடுவார், "உங்களுக்கு எந்த இடத்துல?" என்று.

ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். மகன்கள் கடைசி வரை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு இரண்டாவது தடவை போனபோதே தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று காட்டினால் பிள்ளைகள் உடைந்துவிடுவார்கள் என்று அவரும் மறைத்தார். ஒரே திண்ணையில் அப்பனும் மகனும் உட்கார்ந்து மழையைப் பற்றியும் மிளகாய் வத்தல் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள், எட்டு மாதம். பங்காளியிடம் பேச வேண்டியது அவருக்கு இருந்தது. மூத்த மகளுக்கு எழுதி வைக்க நினைத்த நிலம் இருந்தது. தாங்கலில் என்னிடம் சொன்னார், "அவனுக பயப்படுவானுகன்னு நான் வாயத் திறக்கல அண்ணாச்சி" என்று. எழுதாமலே போனார். இப்போது அந்த வீட்டில் அண்ணன் தங்கை பேச்சு இல்லை.

இதைப் பொய் என்று சொல்வதா, அன்பு என்று சொல்வதா? அன்பில்தான் தொடங்குகிறது, சந்தேகமில்லை. சில பேர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்ப மாட்டார்கள். "எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், நீங்களே டாக்டர்கிட்ட பேசிக்கோங்க" என்பார்கள். அவர்களிடம் உண்மை பேசுகிறேன் என்று வலிய இழுத்து வைத்துச் சொல்வதும் இரக்கமில்லாத காரியம். ஆனால் வாய் திறந்து அவரே கேட்டுவிட்ட பிறகு, கண்ணைப் பார்த்துப் பொய் சொல்வது சரி என்று எனக்குப் படவில்லை. உடம்பு அவருடையது, மிச்சமிருக்கிற நாளும் அவருடையது. முழுவதையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. "உங்களுக்கு என்ன தோணுதுப்பா?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார். அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழலாம். அதற்கப்புறம் நிலத்தைப் பற்றிப் பேசலாம்.

பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. படுத்துக் கிடப்பவரை எல்லாரும் விசாரிக்கிறார்கள், பக்கத்தில் நிற்கிற மனைவியை யாரும் விசாரிப்பதில்லை. அந்த மதினி எப்போது கடைசியாக முழுத் தூக்கம் தூங்கினார் என்று கேட்டுப் பாருங்கள். மாசி பங்குனியில் மிளகாய்ப் பழம் பறிக்கிற வேலையையும் விட முடியாமல், களத்துக்கும் கட்டிலுக்குமாக ஓடுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். ஒரு பகல் நீங்கள் போய் உட்கார்ந்துகொண்டு, அவரைத் தூங்கச் சொன்னால் அது பெரிய தருமம்.

வலியைப் பற்றிச் சொல்லாமல் மனதைப் பற்றி மட்டும் பேசுவதும் சரியல்ல. வலியைப் பொறுத்துக்கொள்வது அய்யா வைக்கிற சோதனை என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய் வலிக்கு மார்பின் மாத்திரை இருக்கிறது. டாக்டர் அளவு பார்த்து எழுதித் தருவார். போதை மருந்து, பழகிவிடும் என்று வீட்டார் பயந்து நிறுத்திவிடுகிறார்கள், கேட்டால் டாக்டர்கள் வருத்தப்படுகிறார்கள். வலி அடங்கினால், செத்தால் தேவலை என்ற பேச்சு பல பேருக்கு நின்றுவிடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், எழுந்து வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோவு தணிக்கும் சிகிச்சை செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வைக்க வேண்டும்.

வலி அடங்கியும் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, யாரிடமும் பேச்சில்லை, சாவைப் பற்றியே நினைப்பு என்றால், அதுவும் ஒரு நோய்தான். அதற்கும் மருந்து உண்டு, டாக்டர் உண்டு. 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். நாமம் இட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதை அய்யா எங்கும் தடுக்கவில்லை. தாங்கலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டோம், இனி மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து எங்களிடம் கூட்டி வாருங்கள், நாங்களே மாத்திரை எடுத்துக் கொடுக்கிறோம்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினவர்களுக்கு என்ன நம்பிக்கை சொல்வது என்று கேட்பீர்கள். எழுந்து நடப்பீர்கள் என்று நான் சொல்வதில்லை. நம்பிக்கை சின்னதாகிவிடுகிறது, ஆனால் இல்லாமல் போவதில்லை. ஒரு பாட்டிக்குத் தன் களத்தில் முண்டு மிளகாய் காய்வதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றிருந்தது. பேரன்கள் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் வைத்தார்கள். நெடியில் எல்லாரும் இருமினார்கள். பாட்டியும் இருமிக்கொண்டே, வத்தல் சரியாகக் காயவில்லை, புரட்டிப் போடுங்கடா என்று அதட்டினார். இன்னும் பதினைந்து நாள் இருந்தார். திருஏடு வாசிப்பில் திருக்கல்யாணம் அன்றைக்கு வரை இருக்க வேண்டும் என்று நினைத்தவரும் உண்டு, இருந்தவரும் உண்டு, இரண்டு நாள் முந்திப் போனவரும் உண்டு.

வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்ததும், தாங்கலில் இருந்து இரண்டிரண்டு பேராக, வீட்டோடு கிடக்கிறவர்களைப் பார்க்கப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது, அவ்வளவுதான். போகிறவர்கள் இன்னாருக்கு இதே நோய் வந்து எப்படிப் போனார் என்ற கதையைச் சொல்லக் கூடாது. பச்சிலை, லேகியம், கேரளா வைத்தியர் என்று யோசனை சொல்லக் கூடாது. அவர் பேசினால் கேட்க வேண்டும், பேசாமல் இருந்தால் பேசாமல் இருக்க வேண்டும். அழுதால் எழுந்து வந்துவிடக் கூடாது. உங்கள் தெருவில் அப்படிக் கிடப்பவர் யாராவது இருந்தால், அவரிடமோ வீட்டாரிடமோ சம்மதம் கேட்டுக்கொண்டு, பணிவிடை செய்பவரிடம் பெயரைச் சொல்லி வையுங்கள். கூட வர நினைப்பவர்களும் சொல்லுங்கள், பெண்கள் நாலைந்து பேராவது வேண்டும். சைக்கிள் இருந்தால் கொண்டு வாருங்கள், சில வீடுகள் குண்டாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன.